மார்லிஸ் பெயரில் ஓர் இணைப்பு

லைல் ப்ரெக்கே வேலைக்குச் சேர்ந்த அன்று, டுலூத் நகரத்து வடமாவட்ட வெப்ப உதவி வாரியம் அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு சுழல் நாற்காலி, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அடையாள அட்டை எல்லாம் கொடுத்தது. தரவுத்தளத்தை மட்டும் கொடுக்கவில்லை. சமையலுக்கு ஆளை வரவழைத்துவிட்டு அடுப்பங்கரையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாரியத்தின் வேலை எளியது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க எரிவாயு வாங்க வழியில்லாதவர்கள் விண்ணப்பம் போடுவார்கள். தரவுத்தளத்தில் அவர்கள் பெயருக்கு நேரே 'உண்டு' என்றிருந்தால் லாரி போய் வீட்டுக்குப் பின்னாலுள்ள தொட்டியை நிரப்பிவிட்டு வரும். 'இல்லை' என்றிருந்தால் போகாது. முன்பெல்லாம் லாரிக்காரர்கள் ஆளைப் பார்த்து நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஆளைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடுகிறது என்று வாரியம் அதை நிறுத்திவிட்டது.

லைலைக் கூப்பிட்டதே ஒரு கோளாறைச் சரிசெய்யத்தான். வடக்கே காட்டோரத்து ஊர்களில் வீட்டு வாசலுக்குத் தபால் வராது. எல்லோருக்கும் தபால் நிலையத்தில் ஒரு பெட்டி உண்டு. அந்தப் பெட்டி எண்தான் முகவரி. பெட்டிக்குள் மனிதர்கள் குடியிருக்க முடியாது என்பது வாரியத்து மென்பொருளின் கொள்கை. அதனால் அந்த ஊர்க்காரர்களின் விண்ணப்பங்களை அது நினைத்த நேரத்தில் தள்ளுபடி செய்துகொண்டிருந்தது. லைல் அதற்கு ஒரு மாற்றுப் புரோகிராம் எழுதிவிட்டான். எழுதியது வேலை செய்கிறதா என்று பார்க்க, அவன் புரோகிராம் எழுதும் கருவியைத் தரவுத்தளத்தோடு இணைக்க வேண்டும். திரையின் ஓரத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. எந்தத் தளம், யார் பெயர், என்ன பாஸ்வேர்டு என்று நிரப்பி அழுத்தினால், இணைப்பு கிடைத்ததும் ஒரு சின்னப் புள்ளி பச்சையாகும். லைலின் புள்ளி வந்த நாள் முதல் சிவப்பு.

பாதுகாப்பு அதிகாரி கெண்ட்ரா வில்காக்ஸ் புதியவர்களுக்கு நடத்திய வகுப்பிலேயே இதற்கு விளக்கம் கிடைத்துவிட்டது. அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல், பிரார்த்தனைக் கூட்டத்தில் பேசுவதுபோலப் பேசினார்.

"நம்ம தரவுத்தளத்துக்குள்ள போன வருஷம் வெளியாள் ஒருத்தர்கூட நுழைய முடியல. நம்ம ஆளுங்களும் புதுசா ஒருத்தர்கூட நுழைய முடியல. இந்த ரெண்டையும் ஒண்ணா சாதிச்ச வாரியம் இந்த மாநிலத்துலயே நாமதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். லைலும் தட்டினான். அடுத்தவர் பாஸ்வேர்டைத் தொடமாட்டேன் என்று வலது கையைத் தூக்கி உறுதிமொழியும் எடுத்தான்.

அனுமதிக்கு விண்ணப்பம் போட ஒரு பக்கம் இருந்தது. அந்தப் பக்கத்துக்குள் போக, தரவுத்தளத்தில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாததால்தானே விண்ணப்பம் என்று லைல் கேட்டபோது, இதுவரை யாரும் அப்படி யோசித்ததில்லை என்று உதவிப் பிரிவில் பாராட்டினார்கள். பக்கத்து மேஜை பெவ் லுண்டீன் தன் கம்ப்யூட்டரிலிருந்து அவனுக்காகப் போட்டுக் கொடுத்தாள். முதல் தடவை அது திரும்பி வந்தது: எந்தத் தரவுத்தளம் என்று குறிப்பிடவில்லை. குறிப்பிட்டதும் மறுபடி திரும்பி வந்தது: தரவுத்தளத்தின் பெயர் ரகசியம், அதை விண்ணப்பத்தில் எழுதியது விதிமீறல். மூன்றாவது தடவை பெவ் அந்த இடத்தில் 'உங்களுக்கே தெரியும்' என்று எழுதினாள். அது குழுவுக்குப் போய்விட்டது. குழு நவம்பரில் கூடியிருக்க வேண்டும். மான் வேட்டைக் காலம் தொடங்கிவிட்டதால் உறுப்பினர்கள் அத்தனை பேரும் வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போயிருந்தார்கள். இனி மார்ச்சில்தான் என்று தகவல் வந்தது.

"நீங்கல்லாம் எப்படித்தான் வேலை பாக்கறீங்க?" என்று லைல் பெவ்வைக் கேட்டான்.

பெவ் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. "மார்லிஸா மாறிடுவோம்" என்றாள்.

மார்லிஸ் ஓலாண்ட் எட்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். அவர் கணக்கை மூட அவருடைய கையெழுத்து வேண்டும், ஓய்வு பெற்றவரிடம் கையெழுத்து வாங்க வாரியத்துக்கு அதிகாரமில்லை, எனவே கணக்கு திறந்தே கிடந்தது. அந்தக் காலத்துக் கணக்கு என்பதால் அதற்கு எல்லா இடத்திலும் நுழைய உரிமை உண்டு. பாஸ்வேர்டு அந்த மாடியில் எல்லோருக்கும் தெரியும். காப்பி இயந்திரத்தில் பால்பொடி போடும் முறையைச் சொல்லித் தருவதுபோலப் புதியவர்களுக்கு அதைச் சொல்லித் தந்தார்கள். லைலுக்கு உறுதிமொழிக்காகத் தூக்கிய கை கொஞ்சம் கனத்தது. ஆனால் தான் குழுவுக்காகக் காத்திருந்தாலும் வடக்கே குளிர் காத்திருக்காது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மனிதன் தப்பு செய்யக் கிளம்பும்போது அடுத்தவர் கஷ்டம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

கட்டத்தில் மார்லிஸ் ஓலாண்ட் என்று நிரப்பினான். தளங்களின் பட்டியலில் இரண்டு இருந்தன. ஒன்றின் பெயர் 'இறுதி', இன்னொன்று 'சோதனை'. சோதித்துப் பார்க்கத்தானே வந்தோம் என்று சோதனையைத் தேர்ந்தெடுத்தான். புள்ளி பச்சையானது. அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அவன் திட்டம் இரண்டு படி. முதலில் எல்க் பெண்ட் என்ற காட்டோரத்து ஊரின் விண்ணப்பங்கள் எல்லாவற்றையும், பழைய கோளாறு செய்வதுபோலவே, 'இல்லை' என்று மாற்ற வேண்டும். பிறகு தன் புது மாற்றை ஓடவிட்டு, அது அவற்றை 'உண்டு' என்று மீட்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் முதல் படியை ஓடவிட்டான். இத்தனை வரிகள் மாறப்போகின்றன, உறுதி செய்யவா என்று கருவி கேட்டது. எண்ணிக்கை பல நூறு. சோதனைக்காக வைத்திருக்கும் பொய்த் தகவலில் ஒரே ஊருக்கு இத்தனை வீடா என்று அவனுக்கு ஒரு கணம் இடித்தது. அந்தக் கணத்தில் பெவ் கேக் வெட்டப் போகிறார்கள் என்று கூப்பிட்டாள். லைல் 'சரி'யை அழுத்திவிட்டு எழுந்து போனான்.

கேக் மார்லிஸுக்காக. வாரியத்தின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு காலாண்டிலும் யார் அதிகம் உழைத்தார்கள் என்று தானே கணக்கிட்டுச் சிறந்த ஊழியரை அறிவிக்கும். இந்த முறை மார்லிஸ் ஓலாண்டை அறிவித்திருந்தது. இயக்குநர் கிராண்ட் ஹெம்ஸ்டெட் கத்தியைக் கையில் பிடித்தபடி பேசினார்.

"மார்லிஸை நான் நேர்ல பார்த்ததே இல்ல. அதுதான் அவங்க பெருமை. நம்ம கண்ணுல படறதுக்காக உழைக்கிறவங்க இல்ல அவங்க. எட்டு வருஷமா ஒரு நாள் லீவு எடுக்கல. ஒரே நேரத்துல ஏழு கம்ப்யூட்டர்ல வேலை பாத்திருக்காங்கன்னு கணக்கு சொல்லுது. உங்கள்ல யாராவது அப்படி உழைச்சிருக்கீங்களா?"

உழைத்தவர்கள் ஏழு பேரும் தலையைக் குனிந்து கேக்கைத் தின்றார்கள். மார்லிஸ் இன்றைக்கு வெளிவேலையாகப் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள். பரிசுச் சீட்டை வீட்டு முகவரிக்கே அனுப்பச் சொல்லி இயக்குநர் அப்போதே உத்தரவிட்டார், ஓர் ஆள் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்.

லைல் திரும்பி வந்தபோது, ரொம்ப நேரம் சும்மா இருந்ததால் இணைப்பு அறுந்து புள்ளி மறுபடி சிவப்பாகியிருந்தது. வெளியே பனி கொட்ட ஆரம்பித்திருந்தது. சோதனைத் தகவல்தானே, இரண்டாம் படியைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

திங்கட்கிழமை தொலைபேசிகள் விடாமல் அடித்தன. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் எரிவாயு லாரி எல்க் பெண்ட் ஊருக்குள் திரும்பாமலே நெடுஞ்சாலையில் நேரே போயிருக்கிறது. பூஜ்யத்துக்கு வெகு கீழே குளிர். தொட்டிகள் காலி. ஊர்ப்பெயர் காதில் விழுந்ததும் லைல் பெவ் பக்கம் திரும்பினான்.

"பெவ், சோதனைங்கறது சோதனைதானே?"

"அதுவா? அதுதான் நிஜமானது. பன்னிரண்டு வருஷம் முன்னால ஒரு மாசம் ஓட்டிப் பாக்கலாம்னு ஆரம்பிச்சாங்க, அப்படியே ஓடிட்டிருக்கு. பேரை மாத்தணும்னா பேரு தப்புன்னு ஒத்துக்கணும்ல. இறுதின்னு இருக்கறதுதான் சோதனைக்கு. யாரும் சொல்லலையா உனக்கு?"

யாரும் சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கை சொன்னது, அதை அவன் கேட்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே மார்லிஸ் பெயரை நிரப்பி அழுத்தினான். சிவப்பு. மறுபடி அழுத்தினான். கணக்கு பூட்டப்பட்டது என்று வந்தது. பரிசுச் சீட்டு கிடைத்த மார்லிஸ், நல்ல வளர்ப்பில் வந்தவர் ஆதலால், காலையிலேயே அலுவலகத்துக்குப் போன் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார். கூடவே, தான் அங்கே வேலை பார்க்கவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறார்.

லைல் கெண்ட்ராவின் அறைக்கு ஓடினான். தான்தான் செய்தது என்றும், பத்து நிமிடம் திறந்துவிட்டால் இரண்டாம் படியை ஓட்டி எல்லாவற்றையும் மீட்டுவிடுவேன் என்றும், பிறகு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள் என்றும் மூச்சு விடாமல் சொன்னான். கெண்ட்ரா அவன் பெயரைத் தட்டிப் பார்த்தார்.

"உங்க விண்ணப்பம் குழுவுல இருக்கு லைல். நீங்க இன்னும் இணையவே இல்ல."

"மார்லிஸ் பேருல இணைஞ்சேன்."

"அனுமதி இல்லாம யாரும் இணைய முடியாது. நீங்க இணைஞ்சேன்னு சொன்னா முடியும்னு ஆயிடும். முடியாதுன்னு போன வாரம்தான் தலைநகருக்கு எழுதி அனுப்பியிருக்கேன். உங்க மனசு நல்ல மனசு. போய் வேலையப் பாருங்க."

வேலையைப் பார்க்கத்தான் அவனுக்கு இணைப்பு இல்லை. லாரிக்காரர்களிடமாவது வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பலாமே என்று இயக்குநரிடம் போய்க் கெஞ்சினான். பட்டியலில் இல்லாத வீட்டுக்கு எரிவாயு போனால் அது திருட்டில் சேரும் என்று ஹெம்ஸ்டெட் வருத்தத்தோடு சொன்னார். அவருக்கு வருத்தம் நிஜமாகவே இருந்தது, கண்கூடக் கலங்கியது. அதனால் எந்தத் தொட்டியும் நிரம்பவில்லை. லைல் தன் காரில் நாலைந்து மின்சாரச் சூட்டுக் கருவிகளை வாங்கிப் போட்டுக்கொண்டு எல்க் பெண்ட் கிளம்பினான். பனி அள்ளும் வண்டி இன்னும் சாலையைச் சுத்தம் செய்யவில்லை என்று பாதி வழியில் போலீஸ்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த இரவு தன் வீட்டுச் சூட்டுக் கருவி ஓடும் சத்தம் கேட்கக் கேட்க அவனுக்கு உடம்பு கூசியது. எழுந்து போய் அதை அணைத்தான். மனைவி எழுந்து வந்து, உனக்கு என்ன பைத்தியமா என்று மறுபடி போட்டாள்.

வாரியத்தில் உடனே கூடக்கூடிய ஒரே குழு விசாரணைக் குழு. செவ்வாய்க்கிழமை காலையிலேயே கூடிவிட்டது. மார்லிஸ் ஓலாண்ட் பஸ் பிடித்து வந்திருந்தார். ஒல்லியான உடம்பு, தொளதொளத்த குளிர்கோட்டு, மடியில் ஒரு தகர டப்பா. வெறும் கையோடு எப்படி வருவது என்று பேரீச்சம்பழ இனிப்பு செய்து எடுத்துவந்திருந்தார். விசாரணைப் பொருள் என்று கெண்ட்ரா அதை ஓரமாக வைக்கச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். சர்ச்சில் கம்பளிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன் என்றார். தரவுத்தளத்தில் இருந்ததாகப் பதிவு சொல்கிறதே என்றார்கள். லைல் பின்வரிசையிலிருந்து எழுந்து, அது நான், நான்தான் செய்தேன் என்று உரக்கச் சொன்னான். இயக்குநர் அவனை அன்போடு பார்த்தார்.

"உட்காருங்க லைல். வயசானவங்க மேல உங்களுக்கு இருக்கற மரியாதை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா ஒரு மனுஷன் என்ன செஞ்சான்னு அவனைக் கேட்டு முடிவு பண்ணற இடமில்ல இது. பதிவைக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவோம்."

மார்லிஸ் திரும்பி லைலைப் பார்த்தார். எல்க் பெண்ட்தானே என்று கேட்டார். அவன் தலையாட்டினான். எத்தனை நாளாக லாரி போகவில்லை என்று கேட்டார். அவன் சொன்னான். மார்லிஸ் கெண்ட்ரா பக்கம் திரும்பினார்.

"நான்தான் செஞ்சேன்னா எப்ப திறப்பீங்க?"

கெண்ட்ரா விதியைப் புரட்டினார். "கணக்குக்குச் சொந்தக்காரர் தன் பிழையைத் தானே திருத்தறதா இருந்தா உடனே திறக்கலாம்."

"வேற யாரோ செஞ்சதுன்னா?"

"குழு கூடணும். மார்ச்."

"அப்ப நான்தான்" என்றார் மார்லிஸ்.

அந்த நேரத்தில் லைலுக்கு முதலில் வந்தது நிம்மதி. பிற்பாடு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் அந்த நிம்மதிதான் அவன் முகத்தைச் சுட்டது. அனுமதி இல்லாதவன் விசைப்பலகையைத் தொடக்கூடாது என்பதால் அவன் பின்னால் நின்று சொல்ல, மார்லிஸ் ஒற்றை விரலால் தட்டினார். இத்தனை வரிகள் மாறப்போகின்றன, உறுதி செய்யவா என்று கருவி கேட்டபோது, அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எண்ணிக்கையை வாய்விட்டுப் படித்தார். இவ்வளவு வீடுகள் சரிதானா, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார் என்று லைலிடம் சொன்னார். அவன் பார்த்தான். மத்தியானமே லாரிகள் கிளம்பின.

தீர்ப்பும் அன்றே வந்தது. மார்லிஸ் ஓலாண்ட் கடும் அலட்சியம் காட்டினார் என்று அவருடைய முப்பத்தோரு வருடப் பணிக்குறிப்பில் ஏறியது. ஓய்வு பெற்றோர் பட்டியலிலிருந்து பெயர் நீங்கியது. ஆண்டுக்கொரு முறை பழைய தோழிகளோடு உட்கார்ந்து சாப்பிடும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு இனி அவருக்கு அழைப்பு கிடையாது. எல்க் பெண்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் வாரியம் மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்பதால் தவறு செய்தவரின் பெயரும் அதில் இருந்தது. கணக்கு பூட்டப்பட்டிருந்த குழப்பத்திலும் அனுமதியில்லாமல் தரவுத்தளத்தைத் தொடாமல் பொறுமை காத்ததற்காக லைல் ப்ரெக்கேவுக்குக் குழு கூடாமலே இணைப்பு வழங்கப்பட்டது. அவன் புள்ளி பச்சையானது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் அந்தக் கட்டத்தை மூடியே வைத்திருந்தான்.

தன் பெயரைப் பதிவு செய்யச் சொல்லி அவன் எழுதிய கடிதங்கள், உரிய இணைப்போடு அனுப்பப்படவில்லை என்று திரும்பி வந்தன. கடைசியில் ஒரு சனிக்கிழமை, யாராவது ஒரு வீட்டிலாவது போய் நிஜத்தைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். மார்லிஸுக்குப் போன் செய்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவனை அவர் முடிக்கவிடவில்லை.

"நானும் வரேன். காரு இருக்கில்ல?"

எல்க் பெண்டில் அவர்கள் கதவு தட்டியது டாரா விக்ஸ்ட்ரம் வீட்டில். முதலில் தொலைபேசியில் கத்தியவள் அவள்தான் என்று பெவ் சொல்லியிருந்தாள். சமையலறையில் கோட்டைத் தோளில் போட்டபடியே அவள் கதையைச் சொன்னாள். மின்சார ஓவனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குடும்பமே சமையலறைத் தரையில் படுத்திருக்கிறது. அப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை. வருவாரா என்று டாக்டர் சொல்ல மாட்டேன் என்கிறார். லைல் மேஜையைப் பார்த்தபடியே கேட்டான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மார்லிஸ் பெயரில் நுழைந்தது, எண்ணிக்கை பெரிதாக இருந்ததைப் பார்த்தும் அழுத்தியது, கேக் தின்னப் போனது, பனி பார்த்து வீட்டுக்குப் போனது, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

டாரா குளிர்பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த வாரியக் கடிதத்தை எடுத்துவந்து பிரித்தாள். அதிலிருந்த பெயரைப் பார்த்தாள், லைலைப் பார்த்தாள். அவள் முகம் இளகியது.

"நீங்க ரொம்ப நல்லவரு. இந்தக் காலத்துல யாரு இப்படி அடுத்தவங்க பழியத் தலையில போட்டுப்பாங்க."

"இல்லங்க, நிஜமாவே நான்தான்."

"அவன் சொல்றது நிஜம்தாம்மா. மார்லிஸ் நான்தான்" என்றார் மார்லிஸ்.

டாரா அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள். "உங்க வயசுக்கு இது நல்லா இல்ல" என்றாள். "சின்னவன் ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து சொல்ல வைக்கிறீங்களே."

அந்தப் பக்கத்து வீடுகளில் விரோதியே வந்தாலும் காப்பி கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். டாரா அடுப்பிலிருந்து கெண்டியை எடுத்து ஒரு கோப்பையில் ஊற்றினாள். ஒன்றே ஒன்றில். அதை லைல் முன்னால் வைத்தாள். மார்லிஸ் கையுறையைக் கழற்றாமல் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். லைல் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினான். டாரா அதை எடுத்து மறுபடியும் அவன் முன்னாலேயே வைத்தாள்.

"ஆறிடப் போகுது, குடிங்க" என்றாள்.

லைல் குடித்தான்.